தறிக் கொட்டாயில் கோழிகள்

“நாலு கோழிய ஒரு எடத்துல நிக்க வைக்கத் தெரியல. இது பள்ளிக்கூடத்துல போயி குந்திக்கினு இன்னா பண்ணப் போவுது?”

அத்தை இதை அம்மாவிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான், கையில் குச்சியோடு நின்றேன். அத்தை அப்பாவின் அக்கா. கணவர் இறந்த பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவர். கிணற்றடியில் ஒரு கோழி இன்னொன்றின் முதுகைக் கொத்திக்கொண்டிருந்தது. அதை விரட்டப் போனேன்.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளி விடுதியில் என்னோடு இருந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு நாள் நாம் ஒவ்வொருவரும் படிக்க வந்த விதத்தைச் சொன்னோம். ஒருத்தியை மாமா சேர்த்துவிட்டார். ஒருத்திக்குப் புருஷன் போனதால் படிப்பு வந்தது. என் முறை வந்தபோது, “எனக்குக் கோழிக் கொட்டாய்” என்றேன். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நானும் சிரித்து நிறுத்திக்கொண்டேன். மீதியை இப்போது சொல்கிறேன்.

முதலில் ஒன்று. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இதை அடக்கமாகச் சொல்லும்படி எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு ஒடுக்கமாக, நீளமாக இருக்கும். முன்னறையில் அப்பாவின் தறி. தறியைத் தாண்டினால் சமையல் கட்டு, அதைத் தாண்டினால் கொல்லை. நெய்வதற்கு முன்னால் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுவதற்குள் நீவிக் காயவைத்துச் சுருட்டியாக வேண்டும். பாவு போடுவது என்று இதைச் சொல்வோம். இது ஒரு வீட்டு வேலை இல்லை. அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாரும் வந்து கை கொடுக்க வேண்டும். நம் பாவுக்கு அவர்கள், அவர்கள் பாவுக்கு நாம்.

முந்தின நாள் சாயங்காலமே தெருவில் குரல் வந்துவிடும்.

“நாளைக்குப் பாவுப்பா! கோழியக் கவுத்துப் போடுங்கப்பா!”

கஞ்சி வாடைக்குக் கோழி எங்கிருந்தாலும் வந்துவிடும். பட்டில் பருக்கை ஒட்டியிருப்பதாக நினைத்து ஒரு கொத்து. அதோடு போனால் பரவாயில்லை. கால் நகத்தில் இழை சிக்கிக்கொள்ளும். மிரண்டு இழுத்துக்கொண்டு ஓடும். அறுந்த ஒவ்வோர் இழையையும் தேடிப் பிடித்து முடிபோடுவதற்குள் கஞ்சி இறுகி, இழையும் இழையும் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பாவு அவ்வளவுதான். அதனால் பாவு நாளில் தெருவில் எந்த வீட்டுக் கோழியும் வெளியே வரக் கூடாது. மூங்கில் கூடையைக் கவிழ்த்து, மேலே அம்மிக் குழவியோ கல்லோ வைத்துவிடுவார்கள். மற்ற வீடுகளில் ஒன்றிரண்டு கோழிதான். ஒரு கூடை போதும்.

எங்கள் வீட்டில் போதவில்லை. அம்மா கல்யாணமாகித் தென்னேரியிலிருந்து வரும்போது கொண்டுவந்த ஒரு பெட்டைக் கோழி. அது அடைகாத்து, அதன் குஞ்சு அடைகாத்துப் பெருகியிருந்தது. மேயும்போது அவை எத்தனை என்று தோன்றாது. ஒன்று முருங்கை மரத்தடியில் சீய்க்கும், ஒன்று சந்தில் இருக்கும், ஒன்று எதிர்வீட்டுக் குப்பையில் நிற்கும். கூடைக்குள் அடைக்கும்போதுதான் அது ஒரு கூட்டம் என்று தெரிந்தது. இரண்டு கூடை இருந்தன. அவற்றுக்குள் கோழிகள் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. இட்ட முட்டையை மிதித்து உடைத்தன. உடைந்ததைக் கொத்திப் பார்த்து ருசி கண்டு, அப்புறம் முட்டை இட்டதுமே கொத்தித் தின்னத் தொடங்கின. சிவப்புப் பெட்டை ஒன்று பக்கத்தில் நிற்பதன் இறகைப் பிடுங்கும். வெள்ளைப் பெட்டைக்கு முதுகில் இறகே இல்லாமல் போய், தோல் புண்ணாகிவிட்டது. அம்மா மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போடுவாள். மறுநாள் அதே இடத்தில் மறுபடியும் கொத்தியிருக்கும்.

ஒரு பாவு நாளில் கூடையைத் தூக்கியபோது ஒரு சேவல் குஞ்சு கீழே நசுங்கிக் கிடந்தது. அதன் பிறகு அம்மா கூடை வேண்டாம் என்றாள். கோழிகள் கொல்லையில் இருக்கட்டும், வீட்டுக்குள் புகுந்து தெருவுக்குப் போகாமல் நான் வாசற்படியில் குச்சியோடு நிற்பது என்று ஆனது. அதாவது, பாவு நாள் என்றால் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

பெண்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்தேன். அம்மாதான் சேர்த்துவிட்டாள். “தார் சுத்தறதுக்கு எவ்ளோ காலம் கெடக்குது, கொஞ்ச நாளு போவட்டும்” என்று, தறிக்குக் குறுக்கிழை சுற்றித் தரும் வேலையைத் தள்ளிப்போட்டு, அப்பாவிடம் சொல்லி வாங்கிய அனுமதி. அதை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது எனக்கு அந்த வயதிலேயே தெரியும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. தெருவில் பாவு போட முடியாமல் எல்லார் வீட்டிலும் வேலை தேங்கிவிட்டது. மழை விட்டு வெயில் அடித்த ஒவ்வொரு காலையும் ஒரு வீட்டுப் பாவு. மழை நாளில் பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகி லீவு விட்டார்கள். வெயில் நாளில் நான் குச்சியோடு நின்றேன்.

எங்கள் கொல்லையில் கிணறு, துவைகல், முருங்கை மரம் போக மீதி இடம் முழுவதும் ஒரு கொட்டாய். மழைக்கு முன்னால்தான் அப்பா கட்டியிருந்தார். பூவரசங் கால்கள், பனையோலைக் கூரை, முழங்கால் உயரத்துக்கு மண் மேடை, அதில் கால் தொங்கவிட்டு நெய்ய ஒரு தறிக்குழி. எல்லாம் தயார், தறி மட்டும் இல்லை. அம்மா மாசமாக இருந்தாள். பிறக்கப் போகும் தம்பிக்கு அந்த இடம்.

சிரிக்காதீர்கள். பிறக்காத குழந்தைக்குத் தறிக்குழி தோண்டுவது எங்கள் தெருவில் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கொல்லையை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இடத்தைச் சும்மா போட்டால் கேட்பார்கள் என்று அப்பா கணக்குப் போட்டிருக்கலாம். அத்தையோ அம்மாவின் வயிற்றைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

“வயிறு கூராத்தான் இருக்குது. ஆம்பளப் புள்ளதான். எழுதி வெச்சிக்க.”

“எழுதறதுக்கு இவதான் இருக்கறாளே அண்ணி,” என்று அம்மா என்னைக் காட்டினாள். அம்மா சொன்ன வேடிக்கைகளில் எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

அப்பா ஒரு சின்ன நாடாவும் செய்து வைத்திருந்தார். ஊடை இழையைத் தறியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோகும் நாடாதான், குழந்தைக் கைக்கு அடங்கும் அளவில். புளியமரக் கட்டையில் செதுக்கி, எண்ணெய் தடவித் தடவிக் கறுப்பாக்கியிருந்தார். கொட்டாயின் நடுக்காலில், மஞ்சள் குங்குமம் வைத்த இடத்துக்கு மேலே, ஒரு ஆணியில் அது தொங்கும்.

மழையில் கோழிகளுக்குப் போக்கிடம் இல்லை. கிணற்றடிச் சுவரோரம் கூடைகளை வைத்து மேலே பழைய பாய் போட்டோம். பாய் ஊறிச் சொட்டியது. கீழே சேறு. அவை கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்து நின்றன. ஈர இறகும் எச்சமும் கலந்த நாற்றம் சமையல் கட்டுவரை வந்தது. ஒரு கோழி வெள்ளையாகக் கழியத் தொடங்கியதும் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது.

அம்மா அப்பாவிடம் கேட்டாள். அவர் தறியில் இருந்தார். நான் பக்கத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தேன்.

“கொட்டாய் சும்மாத்தானே இருக்குது. மழ நிக்கற வரைக்கும் கோழிய அதுல வுடட்டா?”

“அது தறிக் கொட்டாய்மே.”

“தறி வர்றப்ப எடுத்துக்கலாம். ரெண்டு கோழிக்கு நடுவுல இன்னொரு கோழி நொழைய எடம் இருக்கணும். இல்லன்னா ஒண்ண ஒண்ணு தின்னும். செத்துக்கினே இருக்குது பாரு.”

“கோழி போனா கோழி வரும். எச்சம் போட்டு வெச்சா அந்த எடம் இன்னாத்துக்கு ஆவும்? வர்றவனுக்கு எடம் வேணாமா?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கெட்டவரும் இல்லை. செத்த கோழிகளை அவரே முருங்கை மரத்தடியில் ஆழமாகத் தோண்டிப் புதைத்தார். அம்மா குனியக் கூடாது என்று தண்ணீரைக்கூட அவரே இறைத்து வைப்பார். கொட்டாயின் கூரை ஒழுகுகிறதா என்று மழையில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஒழுகவில்லை. உள்ளே தரை புழுதி பறக்கக் காய்ந்து கிடந்தது. கோழிகள் அதன் தட்டி ஓரம் நின்று நனைந்தன.

மழை நின்றபோது பாதிக் கூட்டம்தான் மிச்சம். மிஞ்சியவையும் கூடையில் அடங்கவில்லை. ஈரக் கூடையில் நின்று நின்று அவற்றுக்குக் குணமே மாறியிருந்தது. சேர்த்து வைத்தால் ரத்தம் வரும்வரை கொத்திக்கொண்டன.

மார்கழி பிறந்ததும் என் வகுப்புப் பெண் ஒருத்தி வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். “பொங்கலு லீவு முடிஞ்சி தெறக்கற அன்னிக்கு வரலன்னா உன் பேர எடுத்துடுவாங்களாம். உன் எடத்துக்கு வேற பொண்ணு வருதாம். டீச்சர் சொல்லச் சொன்னாங்க.”

அத்தை உள்ளேயிருந்து, “எடுத்தா எடுக்கட்டும், பேஜாரு வுட்டுது” என்றார்.

ஒரு மார்கழிக் காலையில் எங்கள் பாவு. தெருவில் இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்தாகிவிட்டது. மாம்பழ நிறப் பட்டு. பனியில் அது தெரு முழுவதும் ஈரமாக மினுங்கியது. அப்பா ஒரு பக்கமும் எதிர்வீட்டுக்காரர் மறு பக்கமுமாக நீவிக்கொண்டு போனார்கள். வீட்டுக்குள் அம்மாவுக்கு வலி எடுத்தது. நாள் இன்னும் இருந்தது. அத்தை ஓடிப்போய் மருத்துவச்சியைக் கூட்டிவந்தார். நான் கொல்லை வாசற்படியில் குச்சியோடு நின்றேன். என்னை அங்கிருந்து நகரும்படி யாரும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அழுகைச் சத்தம் எதுவும் வரவில்லை. அத்தை வெளியே வந்தார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

“போயி உங்க நைனாகிட்ட சொல்லு. ஆம்பளப் புள்ள. தங்கல.”

நான் குச்சியை வைத்துவிட்டுத் தெருவுக்குப் போனேன். பாவுக்கு அந்தப் பக்கம் அப்பா குனிந்திருந்தார். “நைனா, ஆம்பளப் புள்ள. தங்கலையாம்” என்றேன், அத்தை சொன்னபடியே. எதிர்வீட்டுக்காரரின் கை நின்றது. அப்பாவின் கை நிற்கவில்லை.

“நீ போப்பா, நாங்க பாத்துக்கறோம்,” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

“கஞ்சி இறுகிடும்,” என்றார் அப்பா. “முடிச்சிட்டுப் போறேன்.”

அதற்குள் கோழிகள் காவல் இல்லாத வாசற்படியைத் தாண்டி, வீட்டின் நீளம் முழுவதும் நடந்து, தெருவுக்கு வந்துவிட்டன. முதுகில் இறகில்லாத வெள்ளைப் பெட்டை நேராகப் பாவின் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தது. கொத்தியது. அப்பா அதைப் பார்த்தார். ‘ச்சூ’ என்றுகூடச் சொல்லவில்லை. தெருவில் யாரும் சொல்லவில்லை. நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு போனேன். என் கைக்குள் அது சூடாக இருந்தது. அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று பல முறை யோசித்திருக்கிறேன். அந்தச் சூடு மட்டும்தான் நினைவில் இருக்கிறது.

பாவைக் காயவைத்துச் சுருட்டி, தோளில் தூக்கிவந்து தறியோரம் வைத்த பிறகுதான் அப்பா உள்ளே போனார். குழந்தையை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வேகவதி ஆற்றுப் பக்கம் போனார். தெருவில் சில பெண்கள் அவரை அப்போதே பேசினார்கள். கல்லு மனசு என்றார்கள். அந்தப் பட்டைக் குழந்தைக்குப் பதிலாகக் காப்பாற்றினார் என்று நானும் வெகு காலம் நினைத்தேன். இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. உள்ளே வந்துவிட்டால் அது நடந்ததாகிவிடும். பாவு நீளமாக இருந்த வரைக்கும் அவருக்கு வெளியே நிற்க இடம் இருந்தது.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் பொங்கல் இல்லை. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கொட்டாய்ப் பக்கம் யாரும் போகவில்லை. அத்தை மட்டும் ஒரு நாள், “அதனால இன்னா, அடுத்தது ஆவும்” என்றார். அப்பா தலையாட்டினார்.

பள்ளிக்கூடம் திறக்கும் நாளும் வந்தது. அன்றைக்குத் தெருவில் எதிர்வீட்டுப் பாவு. நான் குச்சியை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போனேன். அம்மா எழுந்து வந்தாள். தலையை முடிந்துகொண்டாள். தீட்டுக் கழிந்து வெளியே வரும் நாள் இன்னும் ஆகவில்லை. நேராகப் போய்க் கொட்டாயின் தட்டியைத் தள்ளினாள். திரும்பி வந்து, ஒவ்வொரு கோழியாகப் பிடித்து உள்ளே விட்டாள்.

“அடியே! அது தறிக் கொட்டாய்டி!” அத்தை ஓடிவந்தார்.

“தெரியும் அண்ணி.”

“என் தம்பி பாத்தான்னா…”

அப்பா பார்த்துக்கொண்டுதான் நின்றார். சமையல் கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா கையிலிருந்த கோழியை உள்ளே இறக்கிவிட்டாள். அது மண் மேடையில் நின்று, ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு றெக்கையையும் முழுசாக விரித்து உதறியது.

“எடம் சும்மா கெடக்குது,” என்றாள் அம்மா, அவரைப் பார்க்காமல்.

அப்பா திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் முன்னறையில் தறிச் சத்தம் கேட்டது. அம்மா தட்டியை இழுத்துக் கட்டினாள். என் கையில் இருந்த குச்சியை வாங்கிக் கூரையில் செருகினாள்.

“போ. பள்ளிக்கூடத்துக்கு நேரமாவுது.”

போனேன். ஆஜர் கூப்பிட்டபோது என் பெயர் இருந்தது. சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குப் பெருக்கல் வாய்பாடு சொல்லிக்கொடுத்தார்கள். தப்பில்லாமல் ஒப்பித்தேன்.

அந்தக் கொட்டாய் கோழிக்கென்றே கட்டியதுபோல அமைந்துவிட்டது. தறிக்குழியின் குறுக்கே அம்மா மூங்கில் கழிகளைப் போட்டாள். ராத்திரி அவை கழியில் ஏறி உட்காரும். எச்சம் குழிக்குள் விழும். அதை அள்ளி முருங்கைக்குப் போடுவோம். ஒரு மூலையில் அடுப்புச் சாம்பலும் மணலும் கொட்டிவைத்தோம். பகலில் அதில் புரண்டு புரண்டு பேனை உதறின. காற்று வரும் பக்கம் சீப்புப் பல்போல இடைவெளி உள்ள ஒரு பழைய தறி அச்சைக் கட்டினோம். கீரி நுழையாது, வெளிச்சம் வரும். முட்டை இட இருட்டான மூலையில் வைக்கோல். ஒன்றை ஒன்று கொத்துவது தானாக நின்றது. வெள்ளைப் பெட்டைக்கு முதுகில் மறுபடி இறகு முளைத்தது. முதலில் முள் முள்ளாக, பிறகு பஞ்சாக.

நடுக்காலில் ஆணி இருந்தது. சின்ன நாடாவைக் காணோம். அம்மா எடுத்தாளா, அப்பா எடுத்தாரா, வேகவதிக் கரையில் அதுவும் சேர்ந்து போனதா, யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஆணியில் அம்மா முறத்தை மாட்டினாள்.

அடுத்ததும் ஆகவில்லை. நான் ஒரே பெண்ணாகவே இருந்துவிட்டேன். பயிற்சிப் பள்ளிக்கு டிரங்குப் பெட்டியோடு கிளம்பிய அன்று அத்தை என் தலையைத் தடவிவிட்டுச் சொன்னார்.

“அவன் இருந்திருந்தா நீ இன்னிக்குத் தார் சுத்திக்கினு இருப்பே. தெரியுமா?”

“தெரியும் அத்தே” என்றேன். அவர் அதைக் குத்தலாகச் சொன்னாரா என்று அப்போதும் புரியவில்லை. உண்மை என்பது மட்டும் புரிந்தது. அது எனக்கு வலிக்க வேண்டும். வலிக்கும் இடம் எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

இப்போது நான் தென்னேரியில், அம்மாவின் ஊரிலேயே, வாத்தியாரம்மாவாக இருக்கிறேன். ஏரிக்கரையோரம் கூரைப் பள்ளிக்கூடம். பிள்ளைகளில் ஒரு பெண் நன்றாகக் கணக்குப் போடுவாள். ஆனால் அறுப்பு முடிந்ததிலிருந்து வரவில்லை. வீட்டுக்குப் போனேன். களத்தில் அவித்த நெல் காய்ந்தது. அவள் குச்சியோடு நின்றிருந்தாள்.

“கோழி கெளறிடுதும்மா,” என்றாள் அவள் அம்மா. “அடச்சி வெச்சா ஒண்ண ஒண்ணு கொத்திக்கினு சாவுது. இவ இல்லன்னா யாரு பாக்கறது, சொல்லு?”

பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு கொட்டாய் இருக்கிறது. நல்ல கூரை, காய்ந்த தரை. ஹெட்மாஸ்டர் ஒருவர் வருவார் என்று கட்டியது. வரவில்லை. பூட்டியே கிடக்கிறது. மணியக்காரரிடம் சாவி கேட்டேன்.

“கோழிக்கா?” என்று சிரித்தார். “நல்லா கேட்டீங்கம்மா. நாளைக்கு அவரு வந்து எறங்கினா எங்க குந்துவாரு? வர்றவருக்கு எடம் வேணாமா?”

அவரிடம் நான் வாதாடவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

பூட்டு பலமான பூட்டு. கதவின் கீல் இருந்த மரம் செல்லரித்துப் போயிருந்தது. நேற்றுப் பள்ளி விட்ட பிறகு கதவை அப்படியே கழற்றி, பூட்டோடு, என் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்தேன். திறப்புக்கு மூங்கில் தட்டி கட்டினேன். உள்ளே குறுக்கே இரண்டு கழி, மூலையில் சாம்பல். இன்று காலை அந்தப் பெண் தலையில் ஒரு கூடை, இடுப்பில் ஒரு கூடையோடு வந்தாள். இரண்டிலிருந்தும் கோழிகளை உள்ளே விட்டோம். தட்டியைக் கட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஆஜரில் அவள் பெயரைக் கூப்பிட்டேன். “உள்ளேன் டீச்சர்” என்றாள்.

மணியக்காரருக்கும் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டேன்: வருகிறவர் வந்தால் கதவு என்னிடம் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது என்று.